மேல் மீட்டர், கீழ் மீட்டர்

காயில்காரரைப் போல இரண்டு பேர் இருந்தால் இந்த உலகம் தாங்காது என்று நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, இரண்டாவது ஆள் தாராபுரத்தில் இருக்கிறார், காயில்காரருக்கு மச்சினன்.

சரவணம்பட்டியில் எங்கள் பக்கத்து வீடு காயில்காரருடையது. வீட்டிலிருந்தே ரேடியோவில் ஊர் ஊராகப் பேசும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வைத்திருந்தார். காலையில் அவர் மைக்கைப் பிடித்தால் எங்கள் டிவிக்கு வைத்த தனி ஸ்பீக்கர் வாத்துபோல் கத்தும். வார்த்தை புரியாது; கோபம் மட்டும் தெளிவாகப் புரியும். வீதியில் தண்ணீர் வராவிட்டாலும், மழை சிங்காநல்லூர் பக்கம் போய்விட்டாலும் பழி அவருடைய ஆன்டெனாமேல்தான். வீதியின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் தன் வழுக்கைக்கும் அதையே காரணமாகப் போட்டார். அந்த ஆள் வீதிக்குக் குடிவந்ததே வழுக்கையோடுதான்.

காயில்காரரின் கோபமெல்லாம் மச்சினன்மேல். காரில் வைக்கும் ஆன்டெனா தென்னைமரம் உயரம் இருக்க முடியாதாம். அதனால் கட்டையான கம்பிக்கு நடுவில் காயில் என்கிற கம்பிச்சுருளைச் சுற்றி ஒப்பேற்றுவார்களாம். காயிலின் அடியில் நுழைந்த கரண்ட் மேலே வரும்போது குறைந்துவிடும் என்பது காயில்காரர் கட்சி. போனது அப்படியே வரும் என்பது மச்சினன் கட்சி. இதற்காக இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து நின்றுபோனது. ரேடியோவில் மட்டும் தினமும் சண்டை நடக்கும்.

இந்த லட்சணத்தில் காயில்காரர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் பக்கம் கல்யாணமா?

“ஏனுங்க, என்ர தம்பியப் போயிக் கூப்புட்டுட்டு வாங்க,” என்றார் அவர் மனைவி.

“கரண்ட் கொறையுதுன்னு ஒத்துக்கச் சொல்லு அம்மணி. பத்திரிகையோட போறேன்.”

தாராபுரத்திலிருந்து போனில் பதில் வந்தது: “கொறையலீன்னு ஒத்துக்கச் சொல்லுக்கா. சீர்த்தட்டோட வாரேன்.”

அந்த அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “ஞாயித்துக்கெழம ரெண்டு பேரும் இங்கயே அளந்து முடிச்சுப்போடுங்க. இல்லாட்டி நான் ரெண்டு பேரையும் முடிச்சுப்போடுவேன்!”

ஞாயிற்றுக்கிழமை எதிரே காலி சைட்டில் காயில்காரரின் காரை நிறுத்தினார்கள். ஆன்டெனாவில் காயிலுக்கு மேலே கரண்ட் அளக்கும் மீட்டர் ஒன்று, கீழே ஒன்று. மச்சினன் நம்பாமல் மேலதைக் கீழும் கீழதை மேலும் மாற்றி மாட்டினார். இதில் இன்னொரு சிக்கல்: ஆள் கிட்டே போனாலே முள் ஆடியது.

“மச்சான், உங்க தொப்பைதான் கரண்டத் திங்குது. தள்ளி நில்லுங்க.”

“உன்ர தொப்பை என்ன விரதமா மாப்ளே?”

தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துச் சொல்ல நடுநிலையான ஆள் தேவைப்பட்டது. காயில்காரர் என்னைக் காட்டினார்.

“இந்தத் தம்பி வாயே தொறக்காது. அப்புறம் பொய் எப்படிச் சொல்லும்?”

கூச்சத்தோடு எங்கள் மொட்டை மாடியில் பைனாகுலரைத் தூக்கினேன். சைட்டுக்குப் பின்னாலிருந்த வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. இன்றுவரை அது சரியாகத் திறக்கவில்லை.

“என்ன காட்டுது கண்ணு?”

“கீழ எட்டுங்ணா. மேல அஞ்சு.”

ஜெயித்த தோரணையில் உதறிப்போட, காயில்காரர் வெறும் தோளில் துண்டைத் தேடினார். மச்சினன் அசரவில்லை. காயில்காரரின் முழநீளக் காயிலைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து தன்னுடையதை எடுத்து மாட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிக் காயில்.

“இப்பச் சொல்லுங்க தம்பி.”

“ரெண்டு முள்ளும் ஒரே எடத்துலதாங்க நிக்குது.”

இரண்டு பேரும் இரண்டு காயிலையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கேட்டருகே நின்ற அந்த அம்மாதான் பேசினார்.

“அப்ப, அவங்கவங்க காயில அவங்கவங்க அளந்து வெச்சுக்கிட்டுத்தான் இத்தன வருசமாக் கத்துனீங்களா?”

மச்சினன் தலையைச் சொறிந்தார். “அக்கா, காப்பி வெய்யி.”

கல்யாணத்தில் சீர் ஜாம்ஜாமென்று வந்தது. அதற்குப் பிறகு ஸ்பீக்கர் கத்தவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகளாகக் குவிந்தன. டிவி செய்திகள் தெளிவாகக் கேட்டன; கேட்டபிறகுதான் அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தது. காயில்காரர் கேட்டுக்கும் வாசலுக்கும் சும்மா நடந்துகொண்டிருந்தார்.

“மச்சினன் நல்லாருக்கீங்களாங்கிறான். இருக்கேன்னு சொல்றேன். அப்புறம் பேச ஒண்ணுமில்ல கண்ணு,” என்றார். ஓணான் கழுத்துபோல் வற்றியிருந்தது முகம்.

போன வாரம் ஒரு காலையில் வாத்து மறுபடி கத்தியது. நல்ல கோபம். காம்பவுண்டுக்கு அப்பாலிருந்து அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

“காயில நடுவுல வெக்கோணுமா, அடியில வெக்கோணுமான்னு ஆரம்பிச்சுப்போட்டாங்க தம்பி!”

உள்ளே போய் டிவியை அணைத்தேன். ஸ்பீக்கரை மட்டும் விட்டுவைத்து, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.