ஆண்களே ஆண்களைப் பெற்ற வம்சம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே நாயிஃப் ஒரு மாபெரும் முடிவெடுத்தார். ஸல்த் நகரத்தில் தன் கோத்திரத்தின் வம்ச மரத்தை, வேர் முதல் இலை வரை, தானே எழுதி முடிப்பது. பெருநாளுக்குள் அது கோத்திரக் கூடத்துச் சுவரில் தொங்க வேண்டும். அதைப் பார்த்து நாலு பேருக்கு வயிறு எரிய வேண்டும்.

உண்மைக் காரணம் வேறு. போன வருஷம் அவருடைய ஒரே மகள் ரந்த் காய்ச்சலில் படுத்தாள். எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் பெயரை அவர் வாய்திறந்து சொன்னதில்லை. என்றோ செத்தவர்களைத் தேடிப் போனால் போன வருஷம் செத்தவளிடமிருந்து தப்பிக்கலாம் என்று மனுஷர் கணக்குப் போட்டார்.

வம்ச ஆராய்ச்சி பற்றிய வலைப்பூ, செய்திமடல் ஒன்றையும் விடவில்லை. பழைய வரி ஏட்டைப் படிப்பது எப்படி என்று ஒருவர் எழுதினார். கல்லறைக் கல்லைச் சுரண்டாமல் படமெடுப்பது எப்படி என்று இன்னொருவர். பாதிப் பேர் தங்கள் தாத்தாவின் குதிரையைப் பற்றித்தான் எழுதினார்கள். அதையும் படித்தார்.

மனைவி விஜ்தான் திராட்சை இலையில் அரிசியை வைத்துச் சுருட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். பெரிய தாள் முழுக்க ஆண் பெயர்கள்.

"ஏங்க, ஒரு பொம்பளைகூடக் காணோமே? உங்க வம்சத்துல ஆம்பளைதான் ஆம்பளையைப் பெத்தானா?"

"வம்ச மரத்துல பொண்ணுங்க பேரு எழுதுற வழக்கமில்ல. உனக்கு இதெல்லாம் புரியாது."

"சரி, உங்க பேருக்குக் கீழ?"

"ஒண்ணுமில்ல."

"நம்ம ரந்த்..."

"டீ போடு."

டீ போட்டுக் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியமானால் அங்கே உட்கார்ந்து அழுகிறாள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கம் போக மாட்டார். பயம்.

அடுத்த வாரம் துள்ளிக்கொண்டு வந்தார்.

"விஜ்தான்! புதுசா ஒரு செய்திமடல் வந்திருக்கு, 'அத்திமரத்தடி'ன்னு. எழுதுறவர் யாரோ பெரிய பேராசிரியர் போல. கேளு! 'ஆண்களை ஆண்களா பெற்றார்கள்? தாயின் பெயர் இல்லாத மரம் பாதி மரம்!' எப்படி?"

"அடேயப்பா!"

"இப்படி யோசிக்கணும்னா படிப்பு வேணும்."

"ஆமாமா. நமக்கெல்லாம் ஏதுங்க மூளை?"

வீட்டில் சொன்னால் உளறல், வெளியிலிருந்து வந்தால் வேதவாக்கு. அத்திமரத்தடி 'வீட்டுக்கு வீடு போய்க் கிழவிகளைக் கேளுங்கள்' என்றது. கேட்டார். பெயர் தெரியாத கொள்ளுப்பாட்டிகள் ஒவ்வொருவராக மரத்தில் ஏறினார்கள். சந்தேகம் வந்தால் 'மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு' என்று எழுதுவார். மறுநாளே பதில் வரும்.

ஒரு மடலை மட்டும் அவர் மனைவிக்குப் படித்துக் காட்டவில்லை. 'உங்கள் வீட்டில் இறந்தவரை விட்டுவிட்டு ஊரில் இறந்தவரை எழுதி என்ன பயன்? கை நடுங்கினாலும் எழுதுங்கள்.' அன்று முழுக்கத் தாளின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் தன் பெயருக்குக் கீழே 'ரந்த்' என்று எழுதினார்.

கோத்திரத்துக்குப் பெரியவரான ஒன்றுவிட்ட அண்ணன் மிஃப்லிஹ் கூடத்தில் மரத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"பொட்டச்சிங்க பேரெல்லாம் சுவத்துலயா? ஊரு சிரிக்கும்டா. அதுலயும் உன் பொண்ணு... பட்டுப்போன இலை எதுக்கு?"

அண்ணனை ஒருநாளும் எதிர்த்துப் பேசாத நாயிஃப் அன்று குரலை உயர்த்தினார்.

"உன்னைப் பெத்தவ பேரை அழிச்சிட்டு வாண்ணே, நானும் அழிக்கிறேன். அறிவாளிங்க எழுதியிருக்காங்க. ஆயிரக்கணக்குல ஜனங்க படிக்கிறாங்க. என் மக பேரை எடுக்கணும்னா என் பேரையும் எடுத்துரு!"

மரம் சுவரில் ஏறியது, ரந்தோடு.

வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்றார். "விஜ்தான், ரந்த்... நம்ம ரந்த் சுவத்துல இருக்கா." அவ்வளவுதான், உடைந்துபோனார். அவளும் அழுதாள். ஒரு வருஷத்து அழுகையை இருவரும் முதல் தடவையாகச் சேர்ந்து அழுதார்கள்.

மூக்கைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். பேராசிரியருக்கு உடனே நன்றி சொல்லியாக வேண்டும். எழுதி அனுப்பினார். மகளின் அறைக்குள் ஏதோ 'டிங்' என்றது. இன்னொரு வரி அனுப்பினார். மறுபடியும் 'டிங்'.

ஒரு வருஷமாக மிதிக்காத அறைக்குள் போனார். ரந்தின் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் அவருடைய கடிதமே அவரைப் பார்த்தது. பின்னாலேயே வந்து நின்ற விஜ்தானைத் திரும்பிப் பார்த்தார்.

"நீயா?"

"நேர்ல சொன்னா டீ போடச் சொல்றீங்க. அதான் எழுதிச் சொன்னேன். இங்க வந்து அழுதது போக மிச்ச நேரத்துல."

மகளின் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தார். கொஞ்சமாவது மானம் மிஞ்சுமா என்று பார்த்தார்.

"ஆயிரக்கணக்குல படிக்கிறாங்கன்னு கூடத்துல கத்திட்டு வந்திருக்கேனே! நிஜத்தைச் சொல்லு, எத்தனை பேருக்கு அனுப்புற?"

"உங்க ஒருத்தருக்குத்தாங்க."