ஓடைக்கல் தேய்த்த நீல பிரஷ்

பிரியமுள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் என் மைக்ராஸ்கோப்பும் சுகம். அங்கே நீயும் உன் வீட்டாரும் உன் பல்பொடி அரைக்கும் மெஷினும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி. வாயில் எதையும் வைத்துக்கொண்டு படிக்காதே.

முதலில் நல்ல சேதி. இருபத்தெட்டு வருஷம் காலேஜில் பாடம் நடத்தி 'பாசி வாத்தியார்' என்று பட்டம் வாங்கியதைத் தவிர வேறொன்றும் சாதிக்காத உன் அத்தான், உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காத ஒரு டயட்டமைக் கண்டுபிடித்துவிட்டேன்! ஓடைக் கல்லில் காலை வைத்தால் பழுப்பாக வழுக்குமே, அதுதான் டயட்டம். ஒற்றைச் செல் பாசி. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றிக் கண்ணாடியில் ஓடு கட்டிக்கொண்டு உள்ளே குடியிருக்கும். என்னுடையது படகு மாதிரி இருக்கிறது, ஒரு முனையில் மட்டும் சின்னதாக ஒரு மூக்கு. லைப்ரரியில் இருக்கிற அத்தனை படங்களையும் புரட்டிவிட்டேன், இந்த மூக்கு வேறு எதற்கும் கிடையாது. போன வருஷம் நாம் மூன்று பேரும் மூன்று நாள் மலை பங்களாவில் தங்கினோமே, பின்னால் ஓடை ஓடியதே, அங்கே எடுத்தது. என்ன இடம் அது! காலையில் எழுந்து பல் துலக்கினால் காற்றிலேயே கிராம்பு வாசனை அடிக்கும். உன் அக்கா பெயரைத்தான் இதற்கு வைக்கப்போகிறேன் என்றேன். "மூக்கைப் பார்த்துத்தானே?" என்று முறைத்தாள். முறைத்தாளே தவிர, தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இப்போது கெட்ட சேதி. டயட்டமைக் கல்லிலிருந்து எடுக்க, கல்லைத் தட்டில் வைத்து டூத் பிரஷால் தேய்த்துக் கழுவ வேண்டும். எங்கள் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், அதற்கென்று ஒரு புது பிரஷ் கொண்டு போவார்கள். அன்றைக்கு என் பெட்டியைத் திறந்தால் பாட்டில் இருக்கிறது, தட்டு இருக்கிறது, பிரஷ் இல்லை. பாத்ரூம் டம்ளரில் இரண்டு நின்றன. உன் அக்காவினுடையது எப்போதும் அவள் பைக்குள் பத்திரமாக இருக்கும். பச்சை என்னுடையது. என் பிரஷ்ஷால் கல்லைத் தேய்க்க எனக்கென்ன பைத்தியமா? நீலத்தை எடுத்தேன். ஆமாம் மச்சான், உன்னுடையதைத்தான். பதினோரு கல் தேய்த்தேன். அதில் ஒன்று தவளை எழுந்து போன கல். அப்புறம் அலசி டம்ளரிலேயே வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் நீ வெளியே வந்து, "இந்தத் தண்ணியே தனி அத்தான், பல்லு எப்படி மின்னுது பாருங்க"ன்னு என் முகத்துக்கு நேரா ஈன்னு காட்டினே பாரு, அப்ப நான் பாட்டுக்கு மேகத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். தப்புதான்ப்பா. எட்டு மாசமா சோறு இறங்கல.

இதோடு போயிருந்தால் நான் சாகிற வரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். 'கற்கள் டூத் பிரஷால் தேய்க்கப்பட்டன' என்று ஆராய்ச்சி இதழுக்கு அனுப்பிய கட்டுரையில் யோக்கியனாக எழுதித் தொலைத்தேன். உடனே இதழாசிரியர் கேட்கிறார்: பிரஷ் புதியதா, பல் துலக்கியதா? சில பல்பொடிகளில் பழைய ஏரி மண் சேர்க்கிறார்களாம், அந்த மண்ணே எப்போதோ செத்த டயட்டம்களின் ஓடுதானாம். ஆகவே உங்கள் புது இனம் ஓடையில் வாழ்கிறதா, பல்பொடியிலிருந்து வந்ததா? படித்ததும், "சாதா மண்ணு இல்ல அத்தான், பழங்காலத்து ஏரி மண்ணு! எந்த ஏரின்னு என் பொண்டாட்டிக்கே சொல்லல" என்று நீ அடித்துக்கொண்ட தம்பட்டம் அப்படியே காதில் கேட்டது.

கண்ணாடி ஓடு ஒன்றை மட்டும் பார்த்து அது உயிரோடு இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. ஓடு தெளிவாகத் தெரியவேண்டுமென்று ஆசிட்டில் போட்டு உள்ளே இருந்ததையெல்லாம் நானே கரைத்துவிட்டேன். கரைக்காமல் ஒரு பாட்டில் பிரிட்ஜில் வைத்திருந்தேன், அதை உன் அக்கா ரோஜாத் தொட்டியில் கொட்டிவிட்டாள். "நாத்தம் தாங்கல, பிரிட்ஜா குட்டையா இது?" என்கிறாள். திரும்பப் போய் எடுக்கலாமென்றால், மழையில் மலைப்பாதை சரிந்து வழியை அடைத்திருக்கிறார்கள். சரி, நீ கொடுத்த பல்பொடி டப்பாவையாவது பார்ப்போமென்றால், அவள் அதைப் போட்டுப் பாத்திரம் தேய்த்துத் தீர்த்துவிட்டாள். பாத்திரமெல்லாம் பளபளவென்று இருக்கிறது, எனக்குத்தான் கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறது.

ஆகவே மச்சான், உன் பல்பொடி ஒரே ஒரு ஸ்பூன், புதன்கிழமைக்குள் அனுப்பு. உன் தொழில் ரகசியம் எனக்கு வேண்டாம். அந்தப் பொடியில் என் மூக்குக்காரி இருந்தால் இருபத்தெட்டு வருஷமும் குப்பை, இல்லையென்றால் பிழைத்தேன். அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட், இதை விட்டால் எனக்கு வேறு இல்லை. நீ மட்டும் அனுப்பிவிடு, உன் அக்கா பெயரை எடுத்துவிட்டு உன் பெயரையே வைக்கிறேன். அவளிடம் மூச்சு விடாதே.

உன் தொழில் ஓங்கட்டும். உன் பற்கள் கடைசி வரைக்கும் உன்னோடேயே இருக்கட்டும். வீட்டில் சின்னவர்களுக்கு என் ஆசி, பெரியவர்களுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தலைகுனிந்து நிற்கும் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குப் பசை தேடிப் போன நேரத்தில் உன் அக்கா இதை முழுக்கப் படித்துவிட்டாள். "பேரை யாருக்கு வெக்கப்போறீங்க?" என்று ஆரம்பித்தவள் நடுவில் நிறுத்தி, "நீலமா? அது அவனோடதுன்னு யார் சொன்னா? கல்லு தேய்க்கப் புது பிரஷ் வேணும்னு கிளம்பும்போது நீங்கதானே கேட்டீங்க, நான்தானே வாங்கினேன். டம்ளர்ல வெச்சிருக்கேன்னு சொன்னதுக்கு 'ம்'னீங்களே" என்றாள். சொன்னதோடு விடவில்லை, மலைக்குக் கொண்டு போன தன் பையின் அடியிலிருந்து நீல பிரஷ்ஷின் கவரையும் எடுத்து மேஜையில் போட்டாள். பிழைத்தேன் மச்சான்! மூக்குக்காரி ஓடைக்காரிதான்! ஒரு ஆட்டமே போட்டுவிட்டேன்.

ஆடி முடித்துவிட்டுக் கேட்டேன், "அப்ப உன் தம்பி மூணு நாளும் எதுல பல்லு தேய்ச்சான்?"

"அவன் எங்க பிரஷ் கொண்டு வந்தான்? உங்க பச்சையிலதான். சொன்னா கத்துவீங்கன்னு சொல்லல."

காற்றில் அடித்த கிராம்பு வாசனை உன் பல்பொடி என்று இப்போதுதான் தெரிகிறது. மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டு வந்து எழுதுகிறேன். மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பொடி அனுப்ப வேண்டாம், ஒரு புது பிரஷ் அனுப்பு. உன் பெயரும் கிடையாது. 'பிரஷ் புதியது, வாங்கித் தந்தவர் கட்டுரையாளரின் மனைவி, இந்த இனத்தின் பெயர் அவருடையதே' என்று இதழாசிரியருக்கு எழுதிவிட்டேன். அவளிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதையாவது காதுல வாங்கினீங்களே" என்றாள். அப்புறம் இன்னும் ஏதோ சொன்னாள். நான் மைக்ராஸ்கோப்பில் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ம்' என்றேன்.