ஐந்து கிலோ கெட்டிக்காரத்தனம்

பொறாமைக்கு டிப்ளோமா கொடுத்தால் முதல் ஆளாக நான்தான் போய் வாங்குவேன். எனக்குப் பாடம் எடுத்தவர் என் சகலன் யோகராஜ், அதாவது மனைவி சாந்தியின் தங்கை புருஷன்.

மனிதர் எதை வாங்கினாலும் பாதி விலைக்கு வாங்குவார். வாங்கிவிட்டு ‘டர்ட் சீப்’ என்று இங்கிலீஷில் வேறு சொல்வார். (அடிமாட்டு விலை என்று நம்மிடம் வார்த்தை இல்லையா என்ன?) உடனே மாமனார், யோகு கெட்டிக்காரன் என்பார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் அந்த வார்த்தை என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பியதில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

பதுளையில் நாங்கள் வீடு கட்டிப் பால் காய்ச்சும் அன்று அந்த வார்த்தையை மாமனார் வாயிலிருந்து வாங்கியே தீருவது என்று முடிவுசெய்தேன். அதற்கு முந்தைய வாரம் லுணுகலைச் சந்தையில் ஒருவன் மூட்டையை அவிழ்த்து வைத்துத் தேயிலை விற்றுக்கொண்டிருந்தான். கடை விலையில் மூன்றில் ஒரு பங்கு. மோந்துகூடப் பார்க்காமல் ஐந்து கிலோ வாங்கினேன்.

விசேஷத்துக்கு ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலிருந்து ஒரு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். பாதிப் பேர் கொழுந்து பறிப்பவர்கள். மாமனாரோ தேயிலை பேக்டரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவர் கையில் முதல் கிளாஸைக் கொடுத்து, யோகராஜுக்கும் கேட்கிற மாதிரி, "டர்ட் சீப், மாமா" என்றேன். கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்திருந்தேன்.

மாமனார் ஒரு வாய் உறிஞ்சினார். விழுங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து, தூளைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளங்கையில் பரப்பி ஊதினார். பாதி பறந்துவிட்டது.

"மாப்ள, இது நாங்க பேக்டரியில கூட்டி அள்ளுற கழிவு. ஒரத்துக்குத்தான் போடுவோம்."

கோபமே இல்லாமல் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. நாற்பது கிளாஸ்கள் சத்தமில்லாமல் தரையில் இறங்கின. யோகராஜ் கடைக்குப் போய் நல்ல தேயிலை வாங்கி வந்து (முழு விலைக்கு) என் மானத்தைக் காப்பாற்றினார். கெட்டிக்காரப் பட்டம் அன்றைக்கும் அவருக்குத்தான் போனது.

அன்றிலிருந்து மாமனார் மாதாமாதம் எங்களுக்கு ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தனுப்புகிறார், யோகராஜ் கையில். கூட வரும் யோகராஜின் மகள் அதை என்னிடம் நீட்டி, "பெரியப்பா, தாத்தா ஊதிப் பாத்துட்டுத்தான் குடுத்தாரு, பயப்படாம குடிங்க" என்பாள். வீடே சிரிக்கும். சாந்தி உடனே அதில் தேத்தண்ணி போடுவாள். முதல் கிளாஸ் யோகராஜுக்கு.