மாப்பிள்ளை அனுப்பிய ஒற்றைச் செருப்பு

ஆழ்வார்திருநகரி,
ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை.

மதிப்பும் பிரியமும் மிக்க மாப்பிள்ளை பெருமாள்ராஜ் அவர்களுக்கு மாமனார் பூதலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை இசக்கியம்மாளும் சுகம். என் இடது கால் தனியாகக் குறிப்பிட்டுச் சொல்லும்படியான சுகம். பெங்களூரில் நீங்களும் சுகன்யாவும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் குலசை முத்தாரம்மன் துணை நிற்பாளாக. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் “மீட்டிங் இருக்கு மாமா” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதம் என்றால் நீங்கள் மீட்டிங் போய்விட்டு வந்தாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். தவிர, இது நன்றி சொல்லும் கடிதம். உங்களிடம் எதையும் கேட்டு எழுதவில்லை என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் ஆடி மாதம் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. தலை ஆடி முடிந்து இத்தனை வருஷம் ஆகியும் நாங்கள் விடாமல் உங்களுக்கு ஆடிக்கு வேட்டி சட்டை அனுப்புகிறோமா, அதற்கு மறுமொய் மாதிரி ஏதோ வந்திருக்கிறது என்று அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. அரிவாள்மனையை எடுத்து அவளே அட்டைப் பெட்டியை அறுத்தாள். உள்ளே பார்த்தால் நீல நிறத்தில் ஒரு ரப்பர் செருப்பு. மாப்பிள்ளை, ஒரே ஒரு செருப்பு. பெட்டியைக் கவிழ்த்தோம், தட்டினோம், குப்பைக்குப் போன காகிதத்தை மறுபடி விரித்துப் பார்த்தோம், ஜோடியைக் காணவில்லை. நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். சில்லறைத் தகராறில் பயணிகள் எனக்குச் செருப்பைக் காட்டியிருக்கிறார்கள், கையில் கழற்றி எடுத்தவர்களும் உண்டு, ஆனால் பார்சல் கட்டணம் செலுத்தி வீட்டு விலாசத்துக்கு அனுப்பியவர் இதுவரை ஒருவரும் இல்லை. எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. சித்திரையில் உங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது என் பித்தவெடிப்பு மாட்டி உங்கள் புதுப் படுக்கை விரிப்பு கிழிந்ததும், நீங்கள் அந்தக் கிழிசலை ஒரு பார்வை, என் குதிகாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஆபீஸுக்குப் போனதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மனுஷன் அன்றைக்கே நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே, இப்படியா செய்வது என்று நினைத்தேன். அத்தை உங்கள் கட்சி. இன்னொரு செருப்பு வழியில் எங்கேயோ தொலைந்திருக்கும், மாப்பிள்ளை தங்கமான பிள்ளை என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புக்கடை வைத்திருக்கும் நூகு என் சிநேகிதர், உங்களுக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாரே அவர்தான். அவரிடம் கொண்டு போய்க் காட்டினேன், ஜோடி கிடைக்குமா என்று. அவர் கண்ணாடியைப் போட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே முழுக்கச் சின்னச் சின்ன ரப்பர் முள், பல் துலக்கும் பிரஷ் மாதிரி. அடியில் வட்ட வட்டமாக உறிஞ்சும் கிண்ணிகள். கடைசியில் என்னிடம், “இது வலது காலுமில்ல, இடது காலுமில்லவே. எந்தக் காலுக்குன்னு ஒம்ம மருமவன்கிட்டயே கேளும்” என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். உங்களிடம் கேட்க எனக்கு ரோஷம் விடவில்லை. சுகன்யாவைக் கூப்பிட்டேன். அவள் சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆனது. குளிக்கும்போது காலைத் தேய்க்கிற சாதனமாம், பாத்ரூம் தரையில் ஒட்டவைத்துச் சோப்பைப் போட்டுக் காலை உள்ளே நுழைத்து முன்னும் பின்னும் இழுத்தால் போதுமாம், குனியவே வேண்டாமாம், அப்பாவுக்குக் குனிய முடியாதே என்று நீங்களாகத் தேடி வாங்கினீர்களாம். அதாவது நான் காலை ஒழுங்காகக் கழுவுவதில்லை என்கிறீர்கள். முதலில் நினைத்த அவமானமே தேவலை என்று இருந்தது. நான் தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன், படித்துறைக் கல்லில் குதிகாலை நாலு தேய்ப்புத் தேய்த்தால் போதும், அதற்கு ஒரு சாதனமா என்று அதைக் கொண்டு போய்ப் பரணில் போட்டேன். அத்தை எடுத்துக் கீழே வைத்தாள். பிள்ளை ஆசையாக வாங்கி அனுப்பியதை ஒரு தடவையாவது போட்டுப் பாருங்கள் என்று நச்சரிப்புத் தாங்கவில்லை.

சரி என்று பாத்ரூமில் வைத்து மிதித்தேன். எங்கள் பாத்ரூம் சொரசொரப்பான சிமெண்டுத் தரை என்பது அந்தச் சாதனத்துக்குத் தெரியாது, அது ஒட்டும் இடம் வழவழப்பாக இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. சோப்புத் தண்ணீரை ஊற்றி வலது காலை விட்டேன், அது என்னைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டது. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் டிக்கெட் கிழித்தவன் நான், பாத்ரூமுக்குள் விழுவேனா என்று சமாளித்துக் குழாயைப் பிடித்தேன். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் மேலே உத்திரம் வரை பீய்ச்சியடிக்க, நான் ஒரு கையால் ஓட்டையைப் பொத்திக்கொண்டு மறு கையால் துண்டைத் தேட, துண்டு அதற்குள் தண்ணீரோடு வாசலுக்குப் போய்விட்டது. அடுத்த வீட்டுக் கலைச்செல்வி சத்தம் கேட்டு ஓடி வந்து, நல்லவேளை, கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டாள். இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, மாப்பிள்ளை. குழாய் பழையது.

அத்தை விடுகிற ஆளா. எங்கள் வீட்டில் வழவழப்பான தரை என்றால் உங்கள் கல்யாணத்துக்காக முன்னறையில் போட்ட டைல்ஸ் ஒன்றுதான். அங்கே டிவிக்கு முன்னால் அதை வைத்து அமுக்கினாள், பச்சென்று ஒட்டியது, பிறகு எடுக்க வரவில்லை, அங்கேயே சோப்புத் தண்ணீரை ஊற்றினாள். கலைச்செல்வி ஊர் பூராவும் சொல்லிவிட்டிருக்கிறாள், தெருவே வந்துவிட்டது. வருகிற ஆளெல்லாம் செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே வந்து நம் செருப்பில் காலை விடுகிறார்கள். முதலில் கலைச்செல்வி விட்டாள், கூச்சம் தாங்காமல் கீச்சென்று கத்திக்கொண்டு காலை உருவினாள். நூகு இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காலை வைத்தார், பெரிய மனுஷன், நெளிந்து நெளிந்து சிரித்து டிவி மேஜையில் சாய்ந்துவிட்டார். என்னைக் கட்டிய நாளிலிருந்து வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்திராத உங்கள் அத்தை, பல் தெரியச் சிரித்துத் தரையில் உட்கார்ந்தே விட்டாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கடைசியில் நான் ஏறினேன். வலது காலை வைத்தேன், லேசாக ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்தது. இடது காலை வைத்தேன், ஒன்றுமே இல்லை. முன்னும் பின்னும் இழுக்கிறேன், எல்லோரும் என் முகத்தையே பார்க்கிறார்கள், நான் பஸ் படிக்கட்டில் நிற்கிற தோரணையில் அசையாமல் நிற்கிறேன். நூகு கையெடுத்துக் கும்பிட்டார். உடனே நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பழைய கதையை எடுத்துவிட்டேன்.

அந்தக் கதை உங்களுக்கும் தெரியும், ஏனென்றால் உங்கள் பிள்ளையின் கதை அது. பேத்தி மாசம் திகையுமுன் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது நான் முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், பிள்ளையைப் பிழைக்க வைத்தால் பதிலுக்கு என் வலியைத் தருகிறேன், மூன்று வருஷம் தசராவுக்கு மாலை போட்டு, கரடி வேடம் கட்டி, வெறுங்காலோடு குலசைக்கு நடந்து வருகிறேன் என்று. பிள்ளை பிழைத்தாள். நான் இரண்டு வருஷம் நடந்துவிட்டேன். புரட்டாசித் தார் ரோட்டில் வேடம் கட்டிச் சேர்ந்து போகும் எங்கள் தசரா செட்டில் உள்ள இளவட்டங்களே புல்லைத் தேடிக் குதித்துக் குதித்துப் போகும்போது நான் மட்டும் நடு ரோட்டில் ஆடிக்கொண்டு போனேன். காலில் வலியும் இல்லை, சூடும் இல்லை, எல்லாம் அம்மன் கிருபை. இந்த வருஷமும் நடந்துவிட்டால் நேர்ச்சை முடிந்தது. இதைத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அன்றைக்கும் காலைச் சாதனத்தில் வைத்தபடியே சொன்னேன்.

எல்லோரும் சிரித்துவிட்டுப் போனபின் அத்தை கதவைச் சாத்தினாள். என்னை நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னாள். மூடினேன். “இப்பம் எந்த வெரலப் பிடிச்சிருக்கேன்?” என்று கேட்டாள். “நீ இன்னும் பிடிக்கவே இல்லையே” என்றேன். கண்ணைத் திறந்து பார்த்தால், மாப்பிள்ளை, இடது பெருவிரலை நகம் பதியக் கிள்ளிக்கொண்டு இருக்கிறாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டுகிறது. அப்போதுதான் டைல்ஸில் கிடந்த சோப்புத் தண்ணீரையும் பார்த்தோம், அதில் சிவப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. எனக்கு வலியே இல்லை. அதைச் சொன்னதற்கு, “வலிக்கலன்னு இன்னொரு தடவ சொன்னீயன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்” என்றாள். சேலையைக்கூட மாற்றாமல் என்னை பஸ்ஸில் ஏற்றிப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். கிடைத்த ஸீட்டில் அவளே என்னை உட்காரவைத்தாள். நான் பஸ்ஸில் உட்கார்ந்து போவது எனக்கே புதுசாக இருந்தது.

சின்ன வயசு டாக்டரம்மா. நைலான் நூல் ஒன்றால் பாதத்தில் அங்கங்கே தொட்டுத் தொட்டுக் கேட்டார், இடது காலில் நான் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. தோல் தடித்திருந்த இடத்தைச் சீவி, குதிகாலுக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்தார். உள்ளே சீழ் கட்டியிருந்தது. அது எப்போது ஏறியது என்று கேட்டார், எனக்கு எப்படித் தெரியும்? சர்க்கரை வியாதி வெகுநாளாகவே எனக்குள் இருந்து கால் நரம்பைத் தின்றுகொண்டு இருந்திருக்கிறதாம். வலி இருந்திருந்தால் அன்றைக்கே வந்திருப்பீர்கள், இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கணுக்காலோடு எடுக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டதற்கு அத்தை உங்கள் சாதனத்தைப் பற்றிச் சொன்னாள். டாக்டரம்மா சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, உணர்ச்சி இல்லாத கால் அதை இனிமேல் தொடவே கூடாது, தோல் கிழிந்தாலும் உங்களுக்குத் தெரியாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆக உங்கள் சாதனத்தை நான் ஒழுங்காக உபயோகித்தது ஒரே ஒரு தடவை. அதற்கே இவ்வளவு பலன். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட வேண்டும் என்று உத்தரவு. சர்க்கரைக்காரர்களுக்கென்றே உள்ள எம்.சி.ஆர். செருப்பை நூகு வரவழைத்துக் கொடுத்தார். தினமும் சாயங்காலம் அத்தை கண்ணாடியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு வந்து என் பாதத்தைச் சோதனை போடுகிறாள், செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட என்னை இப்படித் துருவியதில்லை. புண் ஆறிவிட்டது.

மாப்பிள்ளை, பொய் சொல்லவில்லை, இதை எழுதும்போது எனக்குக் கண் கலங்குகிறது. உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்பதை அத்தை உங்களிடம் சொன்னாலும் சொல்லுவாள், நானே முந்திக்கொள்கிறேன். நான் பெற்ற மகனாக இருந்தால்கூட என்னால் குனிய முடியாது என்பதைக் கவனித்திருப்பானா, சொல்லுங்க. ஒங்களால எனக்கு இந்தக் கால் மிஞ்சிச்சு. நான் நிக்கதும் நடக்கதும் நீங்க போட்ட பிச்சைன்னு நூகுகிட்டயும் சொன்னேன், தெருவுலயும் சொல்லுதேன். உங்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது, மாமனார் முறை தடுக்கிறது. மூன்றாவது வருஷ நேர்ச்சை என்ன ஆகும் என்று நீங்கள் மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வெறுங்காலோடு ஓரடிகூட வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டபடியால், உண்டியலில் ஒரு வெள்ளிக் கால் வாங்கிப் போட்டுவிட்டு அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாக இருக்கிறேன். உங்கள் வேலையை நீங்கள் பாருங்கள். உங்களுக்கு எங்களால் ஒரு சிரமமும் கிடையாது.

சுகன்யாவுக்கும் உங்களுக்கும் எங்கள் ஆசீர்வாதம். பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் இரண்டு பாதத்திலும் முத்தம். நூகுவும் கலைச்செல்வியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். மழை, வெயில் பார்த்து வண்டியில் போங்கள், நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இப்படிக்கு,
இரு காலும் ஊன்றி நின்று வாழ்த்தும்
மாமா பூதலிங்கம்

பி.கு.: உங்களிடம் எதையும் கேட்கவில்லை என்று மேலே இருக்கிற இடங்களையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். கவரை ஒட்டுமுன் அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பைய ஒரு வார்த்தை சொன்னாள்: “பிள்ளைக்காக ஒங்க வலியத் தாரேன்னுதான அம்மங்கிட்ட சொன்னீய? வலியே இல்லாம நடந்துட்டு, குடுத்துட்டேன்னா எப்படி?” மறுபடி பேனாவை எடுத்தேன். மாப்பிள்ளை, நான் நடந்த இரண்டு வருஷமும் செல்லாது. வெள்ளிக் காலும் வேண்டாம், அதற்கும் வலிக்காது. நன்றாக வலிக்கிற கால் ஒன்று வேண்டும். பொங்கலுக்கு வந்திருந்தபோது நீங்கள் ஆற்று மணலில் இறங்கினதும் தை மாத இளவெயில் சூடே பொறுக்காமல் சுகன்யாவின் செருப்பைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு ஓடினீர்கள், படித்துறையில் ஒரு வேப்பங்கொட்டையை மிதித்துவிட்டு மத்தியானம் வரை நொண்டினீர்கள். நம் குடும்பத்தில் இவ்வளவு அருமையான கால் வேறு யாருக்கும் இல்லை. பிள்ளையும் உங்கள் பிள்ளை. அதனால் தசரா செட்டில் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டேன், முதலிலிருந்து மூன்று வருஷம். லீவு சொல்லிவிடுங்கள். கரடி உடுப்பை உங்கள் உயரத்துக்கு இறக்கித் தைக்கக் கொடுத்தாகிவிட்டது. பயப்படாதீர்கள், குலசை வரைக்கும் நான் செருப்புப் போட்டுக்கொண்டு உங்கள் பக்கத்திலேயே வருவேன். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று மட்டும் எனக்குச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.