மோதினாரின் டீ வடிகட்டி

கொசுக்களுக்குப் பேச வாய் இருந்தால், முதல் வேலையாக எங்கள் மோதினார் மேல் போலீசில் புகார் கொடுக்கும்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வது, கல்யாணம், மௌத்து என்று நல்லது கெட்டதை வீடு வீடாகப் போய்ச் சொல்வது, இவைதான் மோதினாரின் வேலை. கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு டார்ச்சும் ஒரு டீ வடிகட்டியும் இருக்கும். வடிகட்டியில் அவர் டீ வடிகட்டியதே கிடையாது. கொசுப்புழு பிடிப்பார்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி மழையில் ஊரில் டெங்கு வந்தது. என் மகள் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பிழைத்து வந்துவிட்டாள். ஆனால் இன்றைக்கும் வீட்டில் யாராவது தும்மினால் என் கை தானாக அவர்கள் நெற்றிக்குப் போகிறது.

தண்ணீரைத் திறந்து போட்டுக் கொசு வளர்க்கக் கூடாது என்பது சட்டம். சுகாதார ஆய்வாளர் மூன்று முறை நோட்டீஸ் கொடுத்தார். எங்கள் தெரு அதை அலமாரியில் விரித்து, மேலே ஊறுகாய் ஜாடியை வைத்தது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்ததும், எங்கள் பகுதிப் பள்ளிவாசல் நிர்வாகமான மஹல்லா ஜமாத் ஒரு தீர்மானம் வாசித்தது. கொசுப்புழு கிடைத்த இடம் மூன்று நாள் காய்ந்து கிடந்தால்தான் அந்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தப்தர் திறக்கும். தப்தர் என்பது நிக்காஹைப் பதியும் பெரிய நோட்டு. அது திறக்காவிட்டால் பிரியாணி வெந்தும் பயனில்லை. அன்று சாயங்காலமே கடைத்தெருவில் தொட்டி மூடி தீர்ந்துபோனது. எல்லா வீட்டுக்கும் போய்வரும் ஆள் என்பதால் சோதனை போடும் பொறுப்பு மோதினாருக்கு வந்தது.

முதலில் மாட்டியவர், வீட்டில் கல்யாணம் வைத்திருந்த ஜமாத் தலைவரான நாட்டாண்மையே. மோதினார் அவர் வீட்டு மாடியிலிருந்து, புழு நெளியும் வடிகட்டியோடு இறங்கி வந்தார்.

"நாட்டாண்மை, இவங்கள்லாம் யாரு? கல்யாணத்துக்கு வந்த சொந்தக்காரங்களா?"

"மெதுவாப் பேசுங்க மோதினாரே. தீர்மானத்துல கையெழுத்துப் போட்டதே நான்தான்."

"அதனாலதான் முதல்ல உங்க வீட்டுக்கு வந்தேன்."

நாட்டாண்மை கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கித் தேய்த்தார். தெருவே மாடியேறி நின்று யோசனை சொன்னது. சேதி கேட்டு ஓடிவந்த சுகாதார ஆய்வாளருக்குத் தாங்கவில்லை.

"இத்தனை நாளாத் தொண்டை கிழியக் கத்துறேன் பாய். உங்க நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க, கும்பிட்டுக்கறேன்."

"அதெல்லாம் வேணாம் சார். டீக்கடைக்குப் பின்னாடி நாலு டயர் கிடக்கு, அதை எடுத்துட்டுப் போங்க," என்றார் மோதினார்.

சில மாதம் கழித்து என் முறை வந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிக்காஹ். வியாழக்கிழமை மோதினார் வந்து நின்றார். சொம்புக்குக்கூட மூடி போட்டு வைத்தவள் நான். திமிராகவே சொன்னேன்: "நல்லாத் தேடுங்க. ஒண்ணு கிடைச்சாலும் என் பேரை மாத்திக்கறேன்."

தொட்டி, பூந்தொட்டி, சாக்கடை, எங்கும் ஒன்றுமில்லை. வெளியே போகத் திரும்பியவர் என்ன நினைத்தாரோ, சமையலறைத் தரையில் குப்புறப் படுத்து ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் கையை விட்டார். அங்கே தண்ணீர் சொட்டும் தட்டு ஒன்று இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

"டீச்சரம்மா, பள்ளிக்கூடத்துல நடத்துறது பத்தாதுன்னு இங்க வேற ஒரு வகுப்பா? ஏழு பேரு ஆஜர்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏழும் நெளிந்தன. அடுத்த அறையில்தான் என் மகள் தூங்குகிறாள்.

"மோதினாரே, ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரு மயிலாடுதுறையிலேருந்து வர்றாங்க. இந்த ஒரு தடவை..."

"காஞ்சா தப்தர் வரும். காயலன்னா வராது."

"ஆஸ்பத்திரில பட்டது நானு. எனக்கா சட்டம் சொல்றீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குத்தாம்மா சொல்லணும்."

ஃப்ரிட்ஜை அணைத்தோம். பாலும் பூவும் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயின. ஐஸ் உருகிச் சொட்டுமே என்று டேபிள் ஃபேனைத் தட்டுக்கு வைத்தேன். புழுக்கத்தில் மணப்பெண் வேர்த்தாள், தட்டு காற்று வாங்கியது. வெள்ளி காலை மோதினார் வந்து விரலால் தடவினார். காய்ந்திருந்தது. சனிக்கிழமையும் காய்ந்திருந்தது.

ஞாயிறு காலை மாப்பிள்ளை வீட்டார் உள்ளே நுழைந்தபோது ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"என்ன சம்பந்தி, மெக்கானிக்கா? இன்னிக்கா வரச் சொன்னீங்க?"

தொப்பியில் ஒட்டடையோடு மோதினார் எழுந்தார். "காஞ்சிருக்கு. தப்தர் எடுத்துட்டு வரேன்."

நான் அழுதேன். மகளைப் பிரியும் துக்கம் என்று எல்லாரும் தேற்றினார்கள்.

மகள் போன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த வீட்டுத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா என்று சம்பந்தியிடம் எப்படிக் கேட்பது? புதன்கிழமை மகள் போன் செய்தாள்.

"அம்மா, மோதினார் வந்துட்டுப் போறாரு. மாடி, கொல்லை எல்லாம் பாத்தாரு. ஒரு வாய் டீ கூடக் குடிக்கல."

"என்னடி சொன்னாரு?"

"சுத்தமா இருக்குன்னு அம்மாகிட்ட சொல்லிடுன்னாரு."

மயிலாடுதுறை எங்கள் ஜமாத்தின் எல்லைக்குள் வராது. அங்கே போய்ப் பார்க்கச் சொல்லி யாரும் தீர்மானம் போடவில்லை. அன்று மதியம் நான் வயிறாரச் சாப்பிட்டேன்.