ஒரு வருஷம் கேட்டேன்

பேரத்தில் எனக்கு ஒரே விதிதான். எது வேண்டுமோ அதை இரண்டு மடங்காகக் கேட்க வேண்டும். பாலக்கரை மரக்கடைகளில் திட்டு வாங்கி, அடி வாங்கி, கடைசியில் சரக்கும் வாங்கிப் படித்த பாடம். இதை வீட்டில் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன்.

காட்டூரில் எங்கள் ஸ்கேட்போர்டு கடை. நான் பலகை அறுப்பேன். மனைவி ராசாத்தி சக்கரம் பூட்டுவாள். மகள் அறிவுமதி ஏறி ஓட்டிப் பார்த்து நொட்டை சொல்லுவாள். வியாபாரம் பேசுவது நான். பேசுவது என்றால், கத்துவது. நான் அறுப்பது பலகையை மட்டும் இல்லை என்பாள் ராசாத்தி.

எனக்கு சினிமா ஆசை. படம் எடுக்க ஆறு மாதம் போதும். ஒரு வருஷம் என்று ஆரம்பித்தால் அழுவாள், மூக்கைச் சிந்துவாள், ஆறில் வந்து நிற்பாள். அப்படித்தான் நினைத்தேன்.

"ராசாத்தி, ஒரு வருஷத்துக்கு நான் கடைப் பக்கம் வரமாட்டேன். படம் எடுக்கப் போறேன்."

"பாம்பா நீங்க, படம் எடுக்க?"

"கிண்டல் வேணாம். ஒரு வருஷம். ஒரு நாள்கூடக் குறைக்க மாட்டேன்."

நட்டை முறுக்கிக்கொண்டே, "சரிங்க" என்றாள்.

"சரின்னா?"

"சரின்னா சரிதான். கடைச் சாவியக் குடுத்துட்டுப் போங்க."

கேட்டதும் சரி என்றால், ஏமாந்தது கேட்டவன்தான். இது மரக்கடையில் மரத்துக்குக்கூடத் தெரியும். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்ற முடியுமா? சாவியைக் கொடுத்தேன்.

கதை, ஸ்ரீரங்கத்து வீதிகளில் ஸ்கேட்போர்டு பந்தயம். நாயகன் பராசரன், உத்தர வீதிக்காரர். முகத்தில் களை இருந்தது, காலில் இல்லை. குறுக்கே மாடு வந்த அன்று பலகையை விட்டுவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டார். நான் கத்திய கத்தலில் வீதியே வாசலுக்கு வந்துவிட்டது. கேமராமேன் ஜெகபர் சாதிக் எட்டு ஷாட் வேண்டும் என்றார். நாலில் முடி என்றேன். இது கத்திரிக்காய் இல்லை அண்ணே என்றார். மூன்றாம் மாதம் இருவரும் டீ குடிக்க ஒரே பைக்கில் போனார்கள். திருவானைக்காவல் தாண்டிய பிறகும் டீக்கடை வரவில்லை போலிருக்கிறது, திரும்பவே இல்லை. பலகை ஓடவில்லை, படம் ஓடவில்லை, ஆட்கள் மட்டும் ஓடினார்கள்.

கடைக்குப் போனேன். கூட்டம். ஒவ்வொரு பலகையிலும் விலை ஒட்டியிருந்தது. ஒருவர் குறைக்கச் சொன்னார். "இல்லீங்களே" என்று ராசாத்தி சிரித்தாள். வாங்கிக்கொண்டார். அதே ஆள் போன வருஷம் அதையே என்னிடம் கேட்டபோது, போய் மணைப்பலகை வாங்கி உட்காரு என்று தெருவரைக்கும் துரத்தியிருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் தன் சின்னப் பெண்ணை மெதுவாக முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

எத்தனையோ பேர் என்னை அடித்திருக்கிறார்கள். இப்படி ஒருவரும் அடித்ததில்லை.

கூட்டம் குறைந்ததும் போய் நின்றேன்.

"படம் முடிஞ்சிருச்சு. நாளையிலேர்ந்து கடைக்கு வரேன்."

"ஒரு வருஷம்னீங்களே."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"நான் அதை நம்பி வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிட்டேங்க, ஒரு வருஷத்துக்கு அவர் கடையில இருக்க மாட்டார்னு. அதுக்கப்புறம்தான் தைரியமா வர்றாங்க."

கத்த வாயைத் திறந்தேன். அந்தப் பெண் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். ஆறு மாதம் என்று இறங்கினேன். தலையாட்டினாள், இல்லை என்று. ஐந்து என்றேன். அதற்குத் தலைகூட ஆட்டவில்லை.

"போகட்டும். அன்னிக்கு ஏன் உடனே சரின்னே? அதையாவது சொல்லு."

ராசாத்தி கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தாள்.

"கடைக்கு வராதீங்கன்னு நானே உங்ககிட்ட கேக்கலாம்னுதாங்க இருந்தேன். மூணு மாசத்துக்கு."