உஷ் அண்ணனின் அட்டைப் பாட்டு

எங்கள் தோட்டத்துச் சனங்களை வாய்மூட வைக்க இரண்டு பேரால்தான் முடியும். ஒருவர் பெரிய துரை. மற்றவர் உஷ் அண்ணன். துரைக்காவது ஜீப் வேண்டும். அண்ணனுக்கு உதட்டில் வைக்க ஒரு விரல் போதும்.

இலங்கை மலையகத்தில், இராகலைக்கு மேலே இருந்த தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. எண்பதுகளின் தொடக்கத்தில் மச்சான் குவைத்திலிருந்து ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து கொடுத்ததுதான் வினை. அன்றிலிருந்து சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பதிவு செய்வதே அவருக்கு மூச்சு. லயத்து வரிசை வீடுகளில் பிள்ளை அழுதால் "உஷ்". சேவல் கூவினால் "உஷ்". ஒரு தடவை மழையைப் பார்த்தும் சொன்னார். அது நின்றதாகச் சத்தியம் செய்ய ஆட்கள் இருந்தார்கள்.

நான் தோட்டப் பாடசாலை வாத்தியார். மவுத்தார்கன் வாசிப்பேன், அதாவது மூன்று மெட்டு தெரியும். அந்தத் தகுதிக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார். ஞாயிறு மத்தியானம் விசிறிகள் ஓயும் நேரம் பார்த்து, ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா கண்ணில் படாமல் மாடிக்கு ஏறுவோம். தட்டுத் தட்டாகக் கொழுந்து பரப்பிக் கிடக்கும்.

"கொழுந்து எதிரொலியத் தின்னுடும் மாஸ்டர். ஈரக் கொழுந்துன்னா இன்னும் நல்லாத் தின்னும்."

அதுவும் போதாமல் ஒரே கம்பளியை இருவர் தலையிலும் போட்டு மூடுவார். பாடசாலையையே அதட்டுகிற நான் அதற்குள் பெட்டிப்பாம்பாய் உட்கார்ந்திருப்பேன்.

"மூச்சு கேக்குதுங்க மாஸ்டர்."

"மூச்சு விடாம எப்படிண்ணே வாசிக்கிறது?"

"வாசிக்கிறப்ப விடுங்க. மத்த நேரம் எதுக்கு?"

எங்கள் பெரிய படைப்பு அட்டையைப் பற்றியது. மழை நாளில் கொழுந்தெடுக்கிறவர்கள் காலில் ஏறி ரத்தம் குடிக்குமே, அதேதான். சினிமாப் பாட்டே பாடலாமே என்றேன்.

"சினிமாக்காரங்க நம்ம அட்டையப் பத்திப் பாடுவாங்களா? நாமதான் பாடணும். ஒரு தடவ நாலு பேரு முழுசாக் கேட்டா போதுங்க."

அந்த ஒரு தடவை மாரியம்மன் திருவிழாவில் வந்தது. காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் மேடை. எதிரே நானூறு பேர். அண்ணன் டேப் ரெக்கார்டரைத் தன் காலடியில் வைத்துப் பொத்தானை அமுக்கிவிட்டுப் பாட ஆரம்பித்தார்.

முதல் சரணம் முடிவதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "அட்டையத்தான் தினம் பாக்குறோமே, சினிமாப் பாட்டு ஒண்ணு எடுத்து விடுங்கப்பா." விசில் கிளம்பியது. அண்ணன் உதட்டில் விரலை வைத்தார். முதல் தடவையாக அது பலிக்கவில்லை.

அவர் இரண்டாம் சரணத்துக்கு மூச்சிழுத்த நேரத்தில், என் வாய் தானாக ஒரு சினிமா மெட்டைப் பிடித்தது. தானாக என்பது பொய். நான்தான் பிடித்தேன். களமே எழுந்து ஆடியது. வெட்கமில்லாமல் அதையே இரண்டு முறை வாசித்தேன். அண்ணன் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் கேசட்டோடு பாடசாலைக்கே வந்துவிட்டார். "நல்லா விழுந்திருக்குங்க மாஸ்டர். நீங்களே வச்சுக்குங்க."

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மாற்றல் கிடைக்கும்வரை தேறவே இல்லை.

அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்கும் தைரியம் வரப் பல வருடம் ஆயிற்று. அரைப் பாட்டு ஓடுகிறது. விசில். பிறகு என் கேடுகெட்ட மவுத்தார்கன். அது முடியும் இடத்தில், நானூறு பேரின் ஆரவாரம் எழுவதற்கு ஒரு நொடி முன்னால், மிகக் கிட்டத்தில் ஒற்றை ஆளின் கைதட்டல் கேட்கிறது.

மேடையில் இருந்தது நாங்கள் இரண்டு பேர். என் இரண்டு கையும் மவுத்தார்கனில் இருந்தன.